பயணத்திட்டம் போடுவது எப்படி: புதுக்கோட்டையை முன்வைத்துச் சில குறிப்புகள்

"புதுக்கோட்டைப் பக்கம் ரெண்டு நாள் போகலாம்னு இருக்கோம், உங்க லிஸ்ட்டை அனுப்புங்க" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அனுப்பிவிடுவேன். போய்விட்டு வந்து "பாதிதான் பார்க்க முடிஞ்சுது" என்பார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. லிஸ்ட் வேறு, திட்டம் வேறு. இந்த வித்தியாசம் எனக்கே ஒரு சொதப்பலுக்கு அப்புறம்தான் புரிந்தது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் கல்வெட்டு, கட்டடக்கலை என்றெல்லாம் அலைகிறவர் இல்லை. மார்கழியில் சபா சபாவாகக் கச்சேரி கேட்கிறவர். குடுமியான்மலையில் பாறையில் இசை பற்றிய கல்வெட்டு இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு, "அதை ஒரு தடவை பார்த்துடணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் கிளம்பினோம். நான் என்ன செய்தேன்? எக்செல்லில் ஒரே நாளுக்கு ஏழு இடங்களை வரிசையாகப் போட்டேன். மேப்பைப் பார்த்து, எது எதுக்குப் பக்கம் என்று கணக்குப் பண்ணி, குறைந்த தூரம் வருகிற மாதிரி அடுக்கினேன். ஒரு இன்ஜினியர் செய்யக்கூடிய கச்சிதமான முட்டாள்தனம் அது.

திருச்சியில் டிபன் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்பினோம். வழியில்தானே இருக்கிறது என்று முதலில் நார்த்தாமலை. அப்பாவுக்கு முட்டிவலி, அதனால் கீழே காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் மேலே போய் ரெண்டு மணி நேரம் சுற்றினேன். அப்புறம் சித்தன்னவாசல். குடுமியான்மலை போய்ச் சேர்ந்தபோது மணி 12.40. நடை சாத்தியிருந்தது. இனி சாயங்காலம் நாலு மணிக்குத்தான். லிஸ்ட்டில் இன்னும் நாலு இடம் பாக்கி இருந்ததால் காத்திருக்கவும் மனசு வரவில்லை. "பரவாயில்லப்பா, இன்னொரு தடவை வந்தாப் போச்சு" என்றார் அப்பா. எழுபதைத் தாண்டியவர், முட்டி வருஷா வருஷம் மோசமாகிக்கொண்டிருக்கிறவர் சொல்கிற 'இன்னொரு தடவை' அது. திரும்பி வருகிற வழி முழுக்க நான் அதிகம் பேசவில்லை.

மதியம் கோயில் நடை சாத்துவது ஊரறிந்த விஷயம். தெரிந்தும் என் எக்செல்லில் அதற்கு ஒரு காலம் இல்லை. பிரச்சினை அங்கேதான். அதற்குப் பிறகு நான் திட்டம் போடும் முறையை மாற்றிக்கொண்டேன்.

1. எதற்காகப் போகிறோம்?

ஒரு நாளுக்கு ஒரு இடம். 'இதைப் பார்க்காமல் திரும்பினால் போனதே வீண்' என்று சொல்லக்கூடிய ஒன்று. அதை முதலில் எழுதுங்கள், நாளின் முதல் வேளையிலேயே வையுங்கள். வழியில் எது வந்தாலும் சரி, அதைத் தாண்டிப் போய் இதை முடித்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். இருபது கிலோமீட்டர் கூடுதலாக ஆகுமா? ஆகட்டும். டீசலை மிச்சம் பிடிக்கவா கிளம்பினோம்?

2. கதவு எப்போது திறக்கும்?

நாம் போகிற இடங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

வழிபாட்டில் உள்ள கோயில்கள் முதல் வகை. காலையில் சீக்கிரம் திறந்து, மதியம் பன்னிரண்டு வாக்கில் சாத்தி, நாலு மணிக்கு மேல் மறுபடி திறப்பார்கள். குடுமியான்மலை சிகாநாதர் கோயில், திருமயத்தின் சிவன், பெருமாள் கோயில்கள் எல்லாம் இப்படி. சின்னக் கோயில் என்றால் குருக்கள் வந்து பூசை முடித்துப் போகிற நேரம்தான் நேரம். முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

தொல்லியல் துறை பராமரிப்பில், வழிபாடு இல்லாத இடங்கள் இரண்டாவது வகை. சித்தன்னவாசல், கொடும்பாளூர் மூவர் கோயில், திருமயம் கோட்டை. இங்கே மதிய இடைவேளைத் தொல்லை கிடையாது. ஆனால் சாயங்காலம் ஆனால் பூட்டிவிடுவார்கள். அருங்காட்சியகத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதன் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை அல்ல, வேறு நாளில் வரும். கேட்டுக்கொண்டு போங்கள்.

மூன்றாவது வகை திறந்தவெளிப் பாறைகள். நார்த்தாமலை மேலமலை இதற்குச் சரியான உதாரணம். இங்கே கதவு வெயில்தான். பதினோரு மணிக்கு மேல் மொட்டைப்பாறையில் கால் வைக்க முடியாது, ஒதுங்க நிழலும் கிடையாது.

இப்படிப் பிரித்துவிட்டாலே பாதித் திட்டம் தானாக வந்துவிடும். காலையில் முதல் வகை, நடுப்பகலில் இரண்டாவது, சாயங்காலம் மூன்றாவது.

3. வெளிச்சம் எந்தப் பக்கம்?

படம் எடுக்கிறவர்களுக்கும், சிற்பத்தை நின்று பார்க்கிறவர்களுக்கும் இது முக்கியம். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரம், மூவர் கோயில் இரண்டுமே மேற்குப் பார்த்தவை. காலையில் போனால் முகப்பு நிழலில் கிடக்கும். நாலு மணிக்கு மேல் சாய்ந்த வெயில் கல்லில் விழும்போது சிற்பங்கள் எழும்பி நிற்கும். நான் முதல் தடவை விஜயாலய சோழீச்சுரத்தைக் காலையில் பார்த்ததும் தப்புதான்.

4. நிமிஷத்தை நம்பாதீர்கள்

மேப் அரை மணி என்று காட்டினால் நான் முக்கால் மணி என்று எழுதிக்கொள்வேன். கிராமத்துச் சாலை, ஆட்டுமந்தை, ஒரு டீ, வழி கேட்பது எல்லாம் அதில் அடக்கம். சில இடங்களில் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்கவும் நேரமாகும். வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து பார்க்கிற இடம் வரை நடக்கும் நேரத்தையும் தனியாகப் போடுங்கள்.

5. கூட வருபவரின் உடம்பு

எத்தனை படி, கைப்பிடி உண்டா, கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே. இந்த நாலும் தெரியாமல் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. சூடான கல்தரைக்குக் காலுறை எடுத்துப்போங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்களில் இது பெரிய உபகாரம்.

6. ஒரு வேளையைச் சும்மா விடுங்கள்

மென்பொருள் வேலையில் இதை பஃபர் என்போம். நாளைக்கு ஒன்றரை மணி நேரமாவது எதுவும் எழுதாமல் விட வேண்டும். சும்மா விடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான காரியம். கை துறுதுறுக்கும், பக்கத்தில் ஒரு குடைவரை இருக்கிறதே என்று தோன்றும். எழுதாதீர்கள்.

இந்தக் கணக்குப்படி ரெண்டு நாள் திட்டம் இப்படி வரும். முந்தின நாள் இரவே புதுக்கோட்டைக்கு வந்து தங்கிவிடுங்கள். திருச்சியில் தங்கினால் காலையில் 55 கிலோமீட்டர் வீணாகும்.

முதல் நாள் காலை எட்டு மணிக்குக் குடுமியான்மலை, சுமார் 20 கிலோமீட்டர். பதினோரு மணி வாக்கில் அங்கிருந்து கிட்டத்திலேயே இருக்கும் சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியம் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. குடைவரைக்குள் நிழல் என்பதால் நடுப்பகலிலும் பார்க்கலாம். சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்கு மட்டும் வெயிலில் ஏற வேண்டும், உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாப்பாடு, ஓய்வு. நாலு மணிக்கு நார்த்தாமலை, இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை தெற்கே திருமயம். முதலில் இரண்டு கோயில்கள், பிறகு கோட்டை. மதியம் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம். மூன்று மணிக்குக் கொடும்பாளூர். பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் இரண்டு தேவியர் பெயரிலும் எடுப்பித்த மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். அப்படியே விராலிமலை வழியாகத் திருச்சி போய் ரயிலைப் பிடித்துவிடலாம்.

இந்தத் திட்டத்தோடு போன வருஷம் அப்பாவை மறுபடி அழைத்துக்கொண்டு போனேன். எட்டேகாலுக்குக் கோயிலுக்குள் இருந்தோம். பிராகாரத்தில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு மேலைக்கோயில் வரை வந்துவிட்டார். குடைவரையை ஒட்டிய பாறையில் சுமார் 13 அடிக்கு 14 அடி கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து. ஏழு பிரிவுகள். பிரிவுக்கு ஒரு பண்ணாக, சுர எழுத்துகள் நாலு நாலாக வரி பிடித்து நிற்கும். எழுத்துத் தெரியாதவருக்கும் அந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியும்.

என் திட்டத்தில் இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். அப்பா ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் படித்துவைத்திருந்த சுர வரிசைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாடிப் பார்த்தார், சரியாக வரவில்லை. "எதையோ நமக்குத் தெரியாம பண்ணியிருக்காங்கடா" என்றார். மறுபடி பாடிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சும்மா விட்டுவைத்த ஒன்றரை மணி நேரம் அங்கேயே தீர்ந்துபோனது.

அதனால் அன்றைக்கு ஏழடிப்பட்டம் ஏறவில்லை. புதுக்கோட்டைக்குத் திரும்பியபோது மணி மூன்று. எனக்கு முட்டை மாஸ், அவருக்குத் தயிர் சாதம். சாப்பிட்டுவிட்டு அறையில் தூங்கிவிட்டோம், நார்த்தாமலையும் போச்சு. லிஸ்ட் கணக்கில் மூன்றுக்கு ஒன்றரை. நான் இதுவரை போட்ட திட்டங்களிலேயே உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன்.