கடிகாரத்தின் உட்பெயர்

கைக்கடிகாரத்தின் முகப்பில் உள்ள பெயர் அதனைக் கட்டுபவருக்குப் போதும். பழுது பார்ப்பவருக்குப் போதாது. உறுப்பு ஒன்றை மாற்ற வேண்டுமாயின், உள்ளே ஓடும் இயந்திரம் இன்னது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கடைக்காரர்கள் 'மூவ்மெண்ட்' என்று வழங்குவது இதனையே.

கடற்காற்று வீசும் எங்கள் பேராவூரணிப் பக்கத்தில், பழைய கடிகாரங்களில் ஸ்டெம் துருப்பிடித்து ஒடிவது அடிக்கடி நிகழ்வது. சாவி கொடுக்கும் திருகிலிருந்து உள்ளே செல்லும் மெல்லிய எஃகுத் தண்டே ஸ்டெம். வியர்வை புகுவதும் அவ்வழியேதான். விவசாயி ஒருவர், தம் தந்தையார் கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவை என்னிடம் காட்டி, "ஜனதாவுக்கு ஸ்டெம் இல்லை என்கிறார்கள், ஐயா, இனி இது ஓடாதா?" என்று வினவினார்.

அவருடைய ஐயம் நியாயமானதே. ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடிவிட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. இனிக் கிடைப்பவை பழைய இருப்பும், ஓடாத கடிகாரங்களிலிருந்து கழற்றிய உறுப்புகளுமே. ஆனால் 'ஜனதாவின் ஸ்டெம்' என்று கேட்டதில்தான் குறை இருந்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தபோது இயந்திரத்தில் 0231 என்ற எண் தெரிந்தது. பைலட் என்ற பெயரோடு வந்த கடிகாரங்கள் பலவற்றிலும் இதே இயந்திரந்தான். முகப்பு வேறு, உள்ளுறுப்பு ஒன்று. ஓடாத பைலட் ஒன்றின் ஸ்டெம் அந்த ஜனதாவுக்குப் பொருந்தியது. கூட்டின் அளவுக்கேற்ப நீளத்தை மட்டும் பார்த்து வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த எண்ணை எங்கே தேடுவது? பெரும்பாலும் அங்குமிங்கும் ஊசலாடும் பாலன்ஸ் சக்கரத்தின் கீழேயோ அதன் அருகிலோ, பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் புலப்படும். பின்மூடியில் உள்ள எண்ணை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அது பெரும்பாலும் கூட்டுக்கு உரியதே. '17 கல்' என்ற குறிப்பும் அடையாளமாகாது. எத்தனையோ வகை இயந்திரங்கள் பதினேழு கற்களோடு வந்துள்ளன. மேலும், முகப்புக்குப் புது வர்ணம் பூசி வேறு பெயர் எழுதி விற்பதும் உண்டு. நான் அத்தகைய பளபளப்பை ஐயத்தோடுதான் நோக்குவேன்.

சுவிஸ் கடிகாரங்களில் சிக்கல் இன்னும் மிகுதி. அங்கே பல நிறுவனங்கள் இயந்திரத்தைத் தாமே செய்யாமல், ஏ. ஷில்ட், ஈட்டா போன்ற ஆலைகளிடம் வாங்கித் தம் பெயரைப் பொறித்தன. ஆகவே முகப்புப் பெயரை விட்டு, ஆலையின் சிறு முத்திரையையும் அதன் அருகே உள்ள எண்ணையும் தேட வேண்டும்.

எண் தேய்ந்திருந்தால் அளவு கைகொடுக்கும். இயந்திரத்தின் விட்டத்தை 'லீன்' என்னும் பழைய பிரெஞ்சு அளவில் குறிப்பது வழக்கம். ஒரு லீன் ஏறத்தாழ 2.256 மில்லிமீட்டர். பத்தரை லீன் என்றால் சுமார் 23.7 மில்லிமீட்டர். ஒரே விட்டத்தில் பல இயந்திரங்கள் இருப்பதால், முகப்பைக் கழற்றி, முள்ளைத் திருப்பும் நெம்புகோல்களின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். மனிதரின் கைரேகைபோல் இது வகைக்கு வகை வேறுபடும். நியூயார்க்கில் வெளியான பெஸ்ட்ஃபிட் பட்டியல் இவ்வடிவங்களைக் கொண்டே இயந்திரங்களை வரிசைப்படுத்தியது.

வெளியூருக்கு எழுதி உறுப்பு வரவழைப்பவர்கள் எண், முத்திரை, விட்டம் மூன்றையும் குறித்து, ஒடிந்த துண்டையும் ஒரு தாளில் மடித்து உடன் அனுப்பலாம். திருகுமரையின் பருமனை அத்துண்டைக் கொண்டே கடைக்காரர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.