உயிர்த்தெழுதல் திருநாளில் குடும்ப வழிபாடும் திருவிருந்தும்: தமிழகச் சீர்திருத்தச் சபைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ வழிபாட்டில் குடும்ப ஜெபமும் திருவிருந்தும் தனித்தனிச் செயல்களாகவே பெரும்பாலும் நோக்கப்படுகின்றன. ஆயினும் இவ்விரண்டும் வீட்டு உணவு மேசை என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. உயிர்த்தெழுதல் திருநாளில் அவை மீண்டும் அருகருகே வருகின்றன. குடும்ப வழிபாடு உறவினரை ஒன்றாக அமர்த்துகிறது. திருவிருந்து உறவுக்கு அப்பாற்பட்டவரையும் அதே மேசைக்கு அழைக்கிறது. இந்த அழைப்பு தமிழகத்தில் சாதியோடு மோதிய வரலாற்றையும், அதன் வழியே திருநாள் மகிழ்ச்சி பெறும் பொருளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப ஜெபம், திருவிருந்து, உயிர்த்தெழுதல் திருநாள், சாதி, அசனம்.

முன்னுரை

கிறித்தவத் திருநாள்களுள் காலத்தால் முற்பட்டதும் மகிழ்ச்சியால் தலையாயதும் உயிர்த்தெழுதல் திருநாளாகும். திருவிருந்தும் இந்நாளும் பிரிக்க இயலாதவை. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம், நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உயிர்த்தெழுதல் காலத்தில் நற்கருணை பெறவேண்டும் என விதித்தது. ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபப் புத்தகம் ஆண்டுக்கு மூன்று முறையேனும் திருவிருந்தில் பங்குகொள்ள வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று இத்திருநாளில் அமையவேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விதிகள் ஆலயத்தை மையமாகக் கொண்டவை. எனினும் இத்திருநாளின் மூல நிகழ்ச்சிகள் பல வீட்டிற்குள் நிகழ்ந்தவை. இவ்விரு களங்களுக்கும் உள்ள தொடர்பே இங்கு ஆராயப்படுகிறது.

விவிலியத்தில் வீட்டு மேசை

இஸ்ரவேலரின் பஸ்கா, வீட்டு வழிபாடாகவே தொடங்கியது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி என வகுக்கிறது. ஓர் ஆட்டுக்குட்டியை உண்டு முடிக்கப் போதாத சிறிய குடும்பம் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வழிபாட்டின் பொருள் என்னவென்று பிள்ளைகள் வினவும்போது பெற்றோர் விளக்க வேண்டும் என்பதும் அங்கேயே கூறப்படுகிறது. ஆகவே உண்ணுதல், நினைவுகூர்தல், பிள்ளைகளுக்குக் கற்பித்தல், அண்டை வீட்டாரை ஏற்றல் ஆகிய நான்கும் ஒரே மேசையில் கூடின.

இயேசு தம் சீடருடன் உண்ட கடைசி விருந்தை முதல் மூன்று நற்செய்திகளும் பஸ்கா விருந்தாகக் காட்டுகின்றன. உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் நிகழ்ந்த எம்மாவு நிகழ்ச்சி இன்னும் குறிப்பிடத்தக்கது. வழியில் உடன் நடந்த அந்நியரை இரு சீடர்கள் தங்களோடு தங்குமாறு வேண்டி அழைக்கின்றனர். விருந்தினராக வந்தவர் அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுக்கிறார். அப்போதுதான் அவர் இன்னாரென அவர்கள் உணர்கின்றனர். முதல் உயிர்த்தெழுதல் நாளின் மேசையில், அந்நியர் ஒருவரை உள்ளே அழைத்ததன் பின்னரே மகிழ்ச்சி பிறந்தது என்பதை லூக்கா இவ்வாறு பதிவு செய்துள்ளார்.

தொடக்ககாலத் திருச்சபையினர் வீடுகளில் கூடி மகிழ்ச்சியோடு அப்பம் பிட்டனர் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அதே காலத்திலேயே சிக்கலும் எழுந்தது. கொரிந்துச் சபையில் வசதியுடையோர் முந்தி உண்டனர், இல்லாதோர் பசித்திருந்தனர். அத்தகைய உணவு கர்த்தருடைய விருந்தாகாது என்று பவுல் கண்டித்தார். வீட்டு மேசைக்கு வீட்டு வேற்றுமைகளும் உடன் வரும் என்பதற்கு இது முதற்சான்று.

வீடும் ஆலயமும் பிரிந்தமை

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய யுஸ்தின், ஞாயிறு வழிபாட்டில் வர இயலாதோர்க்கு உதவிக்காரர்கள் அப்பத்தை எடுத்துச் சென்றதைக் குறிப்பிடுகிறார். நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் ஆயர் வீடு தேடிச் சென்று திருவிருந்து அளிக்கும் இன்றைய வழக்கு இத்தொடர்ச்சியைச் சார்ந்தது. நான்காம் நூற்றாண்டில் கூடிய இலவோதிக்கேயா சங்கம் ஆலயங்களில் அன்பின் விருந்து நடத்துவதையும், வீடுகளில் ஆயர்கள் திருப்பலி ஒப்புக்கொடுப்பதையும் தடைசெய்தது. இதனால் வயிறார உண்ணும் விருந்து ஆலயத்தைவிட்டு நீங்கியது. திருவிருந்து வீட்டைவிட்டு நீங்கியது.

கேரளச் சுரியானிக் கிறித்தவரிடம் பழைய இணைப்பின் ஒரு கூறு எஞ்சியுள்ளது. பெரிய வியாழன் இரவில் புளிப்பில்லாத மாவில் ‘பெசகா அப்பம்’ செய்து, அதன்மேல் குருத்தோலையால் சிலுவை இட்டு, குடும்பத் தலைவர் ஜெபித்துப் பிட்டு, வயது முறைப்படி வழங்குகிறார். இது ஆலய நற்கருணைக்கு மாற்றாகாது. எனினும் வீட்டு மேசையின் தொன்மையை நினைவூட்டுகிறது.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் குடும்ப ஜெபம்

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஜெர்மனியின் ஆல்லே பக்தி இயக்கத்தில் உருவானவர். அவ்வியக்கம் வீட்டு வேதவாசிப்பை வலியுறுத்தியது. மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசமும் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கும் வகையிலேயே அமைந்தது. காலை, மாலை ஜெபங்களும் உணவுவேளை ஜெபங்களும் அதில் இணைக்கப்பட்டிருந்தன. வீட்டையும் வழிபாட்டுக் களமாகக் கொண்ட இம்மரபு தமிழ் மண்ணில் எளிதில் வேரூன்றியது.

இன்றும் திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் கிறித்தவ இல்லங்களில் மாலையில் விளக்கேற்றியபின் குடும்ப ஜெபம் நடைபெறுகிறது. ஞானப்பாட்டு அல்லது கீர்த்தனை பாடுதல், வேதப்பகுதியை ஆளுக்கு ஒரு வசனமாக வாசித்தல், ஜெபித்தல், பரமண்டல ஜெபத்தை அனைவரும் சேர்ந்து சொல்லுதல் என்பது அதன் ஒழுங்கு. முடிவில் ஒருவருக்கொருவர் ‘ஸ்தோத்திரம்’ கூறுவர். எழுத்தறியாத முதியவரும் பாடலால் இதில் பங்கேற்கின்றனர். எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தைக்கும் ஒரு வசனம் உரியதாகிறது.

திருநாளில் இரு வழிபாடுகளின் இணைவு

திருவிருந்துக்கு முன்னைய மாலையில் ஆயத்த ஆராதனை நடத்துவது பல சபைகளின் வழக்கம். பகை கொண்டோர் ஒப்புரவாகாமல் திருவிருந்தை அணுகலாகாது என்னும் போதனை அதில் வலியுறுத்தப்படும். இப்போதனையின் முதற்களம் குடும்பமே. சொத்துப் பிரிவினையால் பேச்சற்றுப்போன உடன்பிறந்தாரும், மனத்தாங்கல் கொண்ட மாமியார் மருமகளும் திருநாளுக்கு முன் பேசிக்கொள்ள ஒரு காரணம் இதனால் கிடைக்கிறது.

திருநாளன்று விடியுமுன் மணியொலிக்க, குடும்பத்தார் ஆலயம் செல்கின்றனர். இருளில் தொடங்கும் ஆராதனை வெளிச்சத்தில் நிறைவுறுவது, கல்லறைக்கு அதிகாலையில் சென்ற பெண்களின் அனுபவத்தை நினைவுபடுத்துகிறது. திருவிருந்து வேளையில் குடும்பத்தின் அமைப்பு மாறுகிறது. திடப்படுத்தல் பெற்றவரே அப்பமும் இரசமும் பெறும் மரபுள்ள சபைகளில் சிறுவர்கள் ஆசி மட்டும் பெறுவர். அன்றி, பீடத்தின்முன் முழங்காற்படியிடும் ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர் உறவினராக இருக்கவேண்டும் என்பதில்லை. வீட்டில் தலைவராக விளங்குபவரும் இங்கே வெறுங்கையை ஏந்திப் பெறுபவராகவே இருக்கிறார். வீடு திரும்பியதும் பிள்ளைகள் உட்பட அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஜெபித்து உண்ணும்போது, பீடத்தின்முன் பிரிந்திருந்த குடும்பம் மீண்டும் கூடுகிறது.

ஒரே பாத்திரமும் சாதியும்

பக்கத்தில் இருப்பவர் யார் என்னும் வினா தமிழகத்தில் எளிதில் தீரவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் சாதி அடிப்படையில் இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன. திருவிருந்தை அணுகுவதிலும் முன்பின் வரிசை காக்கப்பட்டது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிக்கப்பட வேண்டுமெனக் கடிதம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு விலகினர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி ஒழுங்கைக் காக்க விரும்பியோர் பக்கமே நின்றார். தமிழ்க் குடும்ப வழிபாட்டுக்கு ஈடற்ற பாடல்களை வழங்கிய புலவர் ஒருவரே பொது மேசையின் சமத்துவத்தை ஏற்கத் தயங்கினார் என்பது, குடும்ப பக்தி தானாகவே சமத்துவத்தை விளைவிப்பதில்லை என்பதைக் காட்டுகிறது.

1850இல் சென்னை மிஷனெரி மாநாடு, சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாகப் பிற சாதியார் சமைத்த உணவை உண்ணுதல் வேண்டும் என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. கட்டாயத்தால் அன்றிப் படிப்படியாகவே மாற்றம் வரவேண்டும் எனக் கருதிய லைப்சிக் மிஷன் இதனை ஏற்கவில்லை. இரு தரப்பாரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே. கோட்பாட்டில் ஏற்கப்பட்ட சமத்துவம், உணவையும் பாத்திரத்தையும் பகிரும் இடத்தில்தான் சோதிக்கப்பட்டது.

சமாதானமும் அசனமும்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950இல் வெளிவந்த அதன் திருவிருந்து வழிபாட்டு முறை, சமாதானம் வழங்குதலைச் சுரியானி மரபிலிருந்து ஏற்றுக்கொண்டது. ஆயர் தொடங்கிவைக்க, ஒருவர் கைகளுக்குள் மற்றொருவர் கைகூப்பி வைத்துச் சமாதானத்தைக் கைமாற்றுகின்றனர். தீண்டல் மறுக்கப்பட்ட சமூகத்தில் தொடுதலே வழிபாட்டுச் செயலாயிற்று என்பது இதன் சிறப்பு.

தென்மாவட்டச் சபைகளின் அசனம் இதனையொட்டி எண்ணத்தக்கது. உணவைக் குறிக்கும் இவ்வடசொல், பிரதிஷ்டைப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை முதலிய மகிழ்ச்சி நாள்களில் சபையார் கூடி உண்ணும் பொது விருந்தைக் குறிக்கிறது. அரிசியும் காய்கறியும் ஆடும் காணிக்கையாக வர, பெரிய அண்டாக்களில் பொதுவாகச் சமைத்துப் பந்தியில் பரிமாறுவர். இதனைத் திருவிருந்து எனல் பொருந்தாது. ஆயின் ஆலயத்தைவிட்டு நீங்கிய அன்பின் விருந்து ஆலய வளாகத்துக்கு மீண்டு வந்ததன் வடிவமாக இதனைக் கருதலாம்.

முடிவுரை

குடும்ப ஜெபம் நம்பிக்கையை நாள்தோறும் பேணி, பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறது. அதன் எல்லை பெரும்பாலும் உறவின் எல்லையாகவும், அதனால் சாதியின் எல்லையாகவும் அமைந்துவிடுகிறது. அவ்வெல்லையைத் திருவிருந்து கடக்கச் செய்கிறது. ஆலயத்தில் ஒரே பாத்திரத்தைப் பகிர்ந்தவர்களின் வீடுகளில் திருநாள் பகலுணவுக்கு யார் அழைக்கப்படுகின்றனர், திருமண உறவுக்கு யார் ஏற்கப்படுகின்றனர் என்னும் வினாக்கள் இன்றும் தமிழ்ச் சபைகளின் முன் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போராட்டம் ஆலயத்தின் மேசையைப் பெருமளவு திறந்தது. வீட்டின் மேசை அவ்வளவு திறக்கவில்லை. அந்நியரை உள்ளே அழைத்த எம்மாவு வீட்டாரின் செயலை முன்மாதிரியாகக் கொள்ளும்போது, உயிர்த்தெழுதல் திருநாளின் மகிழ்ச்சி வீட்டிலும் ஆலயத்திலும் ஒன்றாகவே அமையும்.