வலுவான தகடு ஏன் வளைகிறது?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே சுமார் 3.2 கிலோமீட்டர் இறங்கியிருந்தது. அந்த ஆழத்தை வைத்து எஃகைப் பற்றி ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால், அதன் சொந்த எடையே மேல்முனையில் சுமார் 77 மெகாபாஸ்கல் தகைவை உண்டாக்கும். கம்பி தடித்ததா மெல்லியதா என்பது இதில் பொருட்டல்ல. தடிமன் கூடினால் எடையும் அதே விகிதத்தில் கூடிவிடும். சாதாரணக் கட்டுமான எஃகு திரும்ப முடியாதபடி நீளத் தொடங்குவது 250 மெகாபாஸ்கலில். அப்படியானால், அந்த எஃகில் செய்த கம்பி 3.2 கிலோமீட்டர் தொங்கினாலே போதும். ஒரு கிலோ சுமைகூட ஏற்றாமல், தன் எடையாலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். சுரங்கம் ஒரே இறக்கமாக இல்லாமல் படிப்படியான ஷாஃப்டுகளாக இறங்கியதற்கு இருந்த பல காரணங்களில் கம்பிவடத்தின் எடையும் ஒன்று. வடத்துக்குக் கட்டுமான எஃகு ஆகாது, 0.8 சதவீதத்தை ஒட்டிய கார்பன் கொண்ட, இழுத்து மெலிக்கப்பட்ட கம்பி வேண்டும். அதன் வலிமை 1,700 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். அந்தக் கம்பி தன் எடையைத் தானே தாங்கி 20 கிலோமீட்டருக்கு மேல் தொங்கும். கார்பனின் அளவும் உள்ளமைப்பும் மாறியதால் வலிமை ஏழு மடங்கானது.

ஆனால் அதே வடத்திடம் வேறொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: கூண்டில் ஆட்களும் தாதுவும் ஏறும்போது அது எவ்வளவு நீளும்? இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியில் சுமையால் 100 மெகாபாஸ்கல் தகைவு கூடினால், அது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். முறுக்கிய இழைகளால் ஆன வடம் இன்னும் அதிகமாக நீளும். இந்த ஒரு மீட்டர், கம்பி 250 மெகாபாஸ்கல் எஃகா 1,700 மெகாபாஸ்கல் எஃகா என்று பார்ப்பதில்லை. வலிமை கூடிய கம்பிதானே என்று வடத்தை மெல்லியதாக்கினால், அதே கூண்டுக்கு அது கூடுதலாகவே நீளும். வலிமை என்பது எவ்வளவு சுமையில் பொருள் தன் உருவை நிரந்தரமாக இழக்கும் என்பதைச் சொல்கிறது. விறைப்பு என்பது அதற்கு முன்பே, சுமை இருக்கும் வரை எவ்வளவு வளையும், எவ்வளவு நீளும் என்பதைச் சொல்கிறது. எஃகுத் தகடுகளைப் பற்றிய இன்றைய பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக்கிடக்கின்றன. கலவையும் உள்ளமைப்பும் வலிமையைத் தாராளமாகத் தரும். விறைப்பை மிகச் சிறிதளவே தரும். எனவே தகட்டை மெலிதாக்கி எடையைக் குறைக்க நினைப்பவர்கள் விறைப்பைத் தேட வேண்டிய இடம் முதலில் பாகத்தின் வடிவம், அதன் பிறகே உலை.

தங்கவயலுக்கு இது பழங்கதை அல்ல. 1964-ல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம் இங்கே புல்டோசர்களையும் எக்ஸ்கவேட்டர்களையும் தயாரித்துவருகிறது. சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரில் எஞ்சிய பெரிய தொழிற்சாலை அதுதான். ஒரு எக்ஸ்கவேட்டரின் கை என்பது தகடுகளைப் பற்றவைத்துச் செய்த நீண்ட பெட்டி. கையில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவையும் வாளியில் கூடுதல் மண்ணாக ஏற்றலாம், டீசலும் மிச்சமாகும். அதனால்தான் உலகெங்கும் மண்வாரி இயந்திரம் செய்பவர்கள் வலிமை கூடிய தகடுகளை நாடுகிறார்கள்.

வலிமை எங்கிருந்து வருகிறது?

எஃகு நிரந்தரமாக வளையும்போது அதன் அணுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இடம்பெயர்வதில்லை. படிகத்துக்குள் ‘இடப்பிறழ்ச்சி’ எனப்படும் கோட்டுக் குறைகள் இருக்கின்றன. அவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. அவற்றை வழிமறிக்க எதைச் செய்தாலும் வலிமை கூடும். மாங்கனீசு, சிலிக்கான் போன்ற அணுக்களைக் கரைத்துவைப்பது ஒரு வழி. படிக மணிகளைச் சிறிதாக்குவது இன்னொன்று. மணி எல்லைகள் இடப்பிறழ்ச்சிக்குச் சுவர்களாகின்றன. 1950-களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டறிந்தபடி, மணியின் விட்டத்தைக் கால்பங்காக்கினால் அதனால் கிடைக்கும் வலிமை இரட்டிப்பாகும். 0.03 முதல் 0.05 சதவீத நையோபியம் சேர்த்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உருட்டினால் இந்த நுண்மணி அமைப்பு கிடைக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2062-ல் இ350, இ450 என்று வரும் தகடுகள் பெரும்பாலும் இந்த வழியில் வலுப்பெறுகின்றன; அந்த எண்ணே மெகாபாஸ்கலில் அவற்றின் குறைந்தபட்ச வலிமை. மென்மையான ஃபெரைட்டுக்குள் கடினமான மார்ட்டென்சைட் தீவுகளைப் பரப்பிய இரட்டை அமைப்புத் தகடுகள் 600 முதல் 1,000 மெகாபாஸ்கல் வரை தாங்கும். துளி போரான் சேர்த்த தகட்டை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த அச்சுக்குள் அழுத்திச் சட்டென ஆறவைத்தால் முழுதும் மார்ட்டென்சைட்டாகி 1,500 மெகாபாஸ்கலை எட்டும். கார்களின் கதவுத் தூண்கள் இப்படித்தான் செய்யப்படுகின்றன.

இந்தப் பட்டியலில் உள்ள எந்த எஃகை எடுத்து அளந்தாலும் அதன் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, 200-க்கும் 210 ஜிகாபாஸ்கலுக்கும் இடையில்தான் நிற்கும். காரணம், சிறு சுமையில் இடப்பிறழ்ச்சிகள் நகர்வதே இல்லை. அணுக்களுக்கு இடையேயான பிணைப்புகள்தான் சற்றே நீள்கின்றன. நூறு அணுக்களில் தொண்ணூற்றேழு இரும்பாக இருக்கும்போது, மிச்சம் இரண்டு மூன்று என்னவாக இருந்தாலும் பிணைப்பின் சராசரி மாறாது. மணிகள் சிறிதானாலும் பெரிதானாலும் பிணைப்பு அதே பிணைப்புதான். வலிமை குறைகளின் கணக்கு. விறைப்பு பிணைப்பின் கணக்கு. குறைகளை உலையில் மாற்றலாம், பிணைப்பை மாற்ற முடியாது.

மெலிதாக்கினால் இழப்பது என்ன?

இதன் விளைவை ஒரு தட்டையான தகட்டில் காணலாம். இ250 எஃகில் 10 மில்லிமீட்டர் தகடு ஒன்று வளைக்கும் சுமையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் இ450 போட்டால் தடிமனை 7.5 மில்லிமீட்டராகக் குறைக்கலாம். வளைவைத் தாங்கும் வலிமை தடிமனின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால் கணக்குச் சரியாக வரும். எடையில் 25 சதவீதம் மிச்சம். ஆனால் விறைப்பு தடிமனின் கனத்தைச் சார்ந்தது. முக்கால் பங்கின் கனம் 0.42. புதிய தகடு உடையாது. ஆனால் அதே சுமையில் பழையதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக வளையும், அதிரும். இந்த இழப்பைக் கலவையால் ஈடுகட்ட வேண்டுமானால் யங் குணகம் 500 ஜிகாபாஸ்கலை நெருங்க வேண்டும். டங்ஸ்டனே 400-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

இழப்பு இதோடு முடிவதில்லை. மெல்லிய தகடு அழுத்தத்தில் நொறுங்குவதற்கு முன்பே நெளிந்துவிடும்; அந்த நெளிவைத் தொடங்கும் தகைவு யங் குணகத்தையும் தடிமனின் வர்க்கத்தையும் சார்ந்தது, வலிமையைச் சார்ந்ததல்ல. 700 மெகாபாஸ்கல் தகட்டுக்குப் பணம் கொடுத்தும் 200-லேயே அது நெளிந்தால் மீதி வலிமை வீண். பிரஸ்ஸில் மடிக்கும்போது தகடு திரும்பி எழும் அளவும் வலிமை கூடக் கூட அதிகரிக்கும். கோணத்தைச் சரியாகப் பிடிப்பது கடினமாகும். பற்றவைப்பின் சோர்வு முறிவு இன்னொரு தடை. மண்வாரிகளின் கைகள் பெரும்பாலும் பற்றின் ஓரத்தில் தொடங்கும் விரிசலால் பழுதாகின்றன. ஐரோப்பியத் தரநிலையான யூரோகோடு 3, பற்றிணைப்புகளின் சோர்வு ஆயுளைக் கணக்கிடும்போது எஃகின் வலிமைக்குத் தனிச் சலுகை எதுவும் தருவதில்லை. எல்லாத் தரத்துக்கும் ஒரே வரைகோடுதான். தகட்டை மெலிதாக்கித் தகைவை உயர்த்தினால், உயர்தர எஃகிலும் விரிசல் சீக்கிரமே வரும்.

விறைப்பைக் கூட்ட வழியே இல்லையா?

இருக்கிறது என்பார்கள் உலோகவியலாளர்கள். அதில் உண்மையும் உண்டு. இரும்புப் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு உடையதல்ல. கனசதுரத்தின் விளிம்பின் வழியே இழுத்தால் சுமார் 130 ஜிகாபாஸ்கல், மூலைக்கு மூலை செல்லும் குறுக்குக்கோட்டின் வழியே இழுத்தால் சுமார் 280. வழக்கமான தகட்டில் கோடிக்கணக்கான மணிகள் பல திக்குகளில் கிடப்பதால் சராசரி 208-ஐ ஒட்டி அமைகிறது. மணிகளை ஒரே பக்கம் திருப்பிவிட்டால் அந்தத் திசையில் விறைப்பு கூடும். ஜப்பானிய எஃகு நிறுவனங்கள் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன: கார்பனைக் குறைத்து, நையோபியம் அல்லது டைட்டானியம் சேர்த்து, மணிகள் புதிதாக உருவாக இடம் கொடுக்காத தாழ்ந்த வெப்பநிலையில் பலமாக உருட்டி, அந்த ஒழுங்கு கலையாமல் குளிரவைக்கிறார்கள். உருட்டிய திசைக்குக் குறுக்கே இப்படி 225 ஜிகாபாஸ்கலுக்கு மேல் கிடைக்கிறது. மற்றொரு வழி, டைட்டானியம் டைபோரைடு துகள்களை உருகிய எஃகிலிருந்தே விளையவிடுவது. அந்தத் துகளின் விறைப்பு 500 ஜிகாபாஸ்கலைத் தாண்டும், அடர்த்தியோ எஃகில் முக்கால் பங்குக்கும் குறைவு. கன அளவில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் துகள் இருந்தால் எஃகின் குணகம் 230-ஐத் தாண்டும், எடையும் சற்றுக் குறையும்.

இந்த ஆய்வுகள் உண்மையானவை, மதிக்கத்தக்கவை. ஆனால் அவை தரும் ஆதாயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். குணகம் 15 சதவீதம் கூடினால், தட்டையான தகட்டின் தடிமனில் நாலரை சதவீதம்தான் குறைக்க முடியும். கன விதி இங்கே எதிராகத் திரும்புகிறது. பெட்டி வடிவக் கைகளில் ஆதாயம் கூடுதல்; அங்கே விறைப்பு தடிமனுக்கு நேர் விகிதம் என்பதால் 13 சதவீதம் வரை மெலிதாக்கலாம். ஆயினும் மணிகளின் திசை ஒழுங்கால் வந்த விறைப்பு ஒரு திசைக்கு மட்டுமே சொந்தம். பற்றவைக்கும்போது தகடு 900 டிகிரியைத் தாண்டும் இடத்தில் படிக அமைப்பே மாறி, அந்த ஒழுங்கு குலைந்துவிடும். பல பற்றுகள் ஓடும் எக்ஸ்கவேட்டர் கைக்கு இது பெரிய குறை. அந்த உருட்டு முறையும் காருக்கான மெல்லிய ஷீட்டுக்கு உருவானது, 10 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு அல்ல. டைபோரைடு எஃகில் கடினமான துகள்கள் விரிசலுக்கு விதையாகலாம். மடிக்கும் திறன் குறைகிறது.

அலுமினியத்துக்கு மாறலாமே என்பது அடுத்த வாதம். அலுமினியத்தின் குணகம் 70, அடர்த்தி 2.7, எஃகுக்கு 208-ம் 7.85-ம். எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அலுமினியம் வெல்வது, அதே எடையில் தகடு தடிமனாகிவிடுவதால். அதாவது அங்கும் வெல்வது வடிவம்தான். பாறையோடு உரசும் வேலையில் அலுமினியம் எஃகுக்கு ஈடாகாது.

வடிவத்தின் பலத்துக்கு பெமல் நிறுவனம் பெங்களூருவில் செய்யும் துருப்பிடிக்காத எஃகு ரயில் பெட்டிகளே சான்று. துருப்பிடிக்காத எஃகின் குணகம் சாதாரண எஃகைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் நெளி போட்ட மெல்லிய தகடும் உள்ளே ஓடும் விலா எலும்புச் சட்டங்களும் சேர்ந்து பெட்டியை விறைப்பாக நிறுத்துகின்றன; துவளும் பனையோலை மடிப்புப் போட்டதும் விசிறியாக நிமிர்வது இதே கணக்கில்தான். எக்ஸ்கவேட்டர் கையின் பெட்டியைப் பத்து சதவீதம் உயரமாக்கினால், மேல், கீழ்த் தகடுகளின் பங்கால் மட்டுமே விறைப்பு 21 சதவீதம் உயரும். பல ஆண்டு ஆய்வின் ஆதாயமாக மேலே வைத்துக்கொண்ட 15 சதவீதத்தை ஒரு வரைபடத் திருத்தம் மிஞ்சிவிடுகிறது.

வடிவத்துக்கும் எல்லை உண்டு என்பது நியாயமான மறுப்பே. கை மிக உயர்ந்தால் ஓட்டுநரின் பார்வை மறையும். லாரியில் ஏற்றிச் செல்லும் அளவு மீறும். வலிமையே முதன்மையான பாகங்களும் ஏராளம். வாளியின் உதடு தேயாமல் இருக்க வேண்டும். அதற்குக் கடினமான மார்ட்டென்சைட் தகடுதான் சரி. மோதலில் பயணியைக் காக்கும் கதவுத் தூணுக்கு 1,500 மெகாபாஸ்கல் வீண் அல்ல. ஆகவே வலுவான எஃகைத் தள்ளிவைக்கச் சொல்வது தவறு. எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்பதும் தவறு. ஒவ்வொரு பாகமும் எதனால் பழுதாகிறது என்பதை முதலில் பிரிக்க வேண்டும்: தேய்ந்தா, நிரந்தரமாக வளைந்தா, அளவுக்கு மீறி அசைந்தா, நெளிந்தா, பற்றில் விரிசல் விட்டா? முதல் இரண்டுக்கு விடை உலையிலும் உருட்டாலையிலும் இருக்கிறது. அசைவுக்கும் நெளிவுக்கும் விடை வடிவத்தில் இருக்கிறது. வடிவம் தன் எல்லையைத் தொட்ட பிறகே மணிகளின் திசை ஒழுங்கையும் டைபோரைடையும் தேட வேண்டும். விரிசலுக்கு விடை பற்றுபவரின் கையிலும், பற்று விழும் இடத்தைத் தேர்பவரின் வரைபடத்திலும் இருக்கிறது. தகடு வாங்கும் ஒப்பந்தத்தில் மெகாபாஸ்கல் எண்ணை உயர்த்துவது எளிது. அந்தப் பாகத்துக்கு அனுமதிக்கக்கூடிய வளைவு எத்தனை மில்லிமீட்டர் என்பது அதற்கு முன்பே வரைபடத்தில் எழுதப்பட்டிருந்தால்தான், உயர்ந்த தரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்குப் பலன் உண்டா என்று சொல்ல முடியும்.