மனு இங்கே, ஓட்டு ஊரிலே!

பெங்களூர்த் தமிழ் மாற்றுத் திறனாளிகள் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்டு வாங்குவது எப்படி?

ஒகலிபுரத்தில் குடியிருக்கும் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம்.

பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல். பெங்களூருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறார். வீட்டை விட்டு வெளியே வந்தால் நடைபாதை முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது. ஏற முடியவில்லை. ரோட்டில் நடந்தால் பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

ஒரு நாள் துணிந்து, வெள்ளைத் தாளில் மனு எழுதிக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போகிறார். உதவியாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். மனுவைப் படிக்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

"உங்க ஓட்டு எங்கே இருக்கு அண்ணா?"

"ஊர்ல இருக்கு சார்."

உதவியாளர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மனுவை மேஜை மேல் இருக்கும் மற்ற தாள்களோடு சேர்த்து வைக்கிறார்.

இந்த ஒகலிபுரத்துக்காரர் கற்பனை மனிதர்தான். ஆனால் அல்சூரிலும், ஸ்ரீராமபுரத்திலும், காக்ஸ் டவுனிலும் இவரைப் போன்றவர்களைப் பார்க்காதவர் யார்?

ஓட்டு இல்லாதவர் மனு கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. தேர்தலில் நிற்பவரின் கணக்கு வேறு. இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் காரியம் நடக்கும்.

கேட்டதால் கிடைத்தவை

மாற்றுத் திறனாளிகளுக்கு இன்று இருக்கும் சட்டங்கள் எதுவும் தானாக வந்தவை அல்ல.

1995 டிசம்பர் 19 அன்று டில்லியில் நாடாளுமன்றத்தின் அருகே மாற்றுத் திறனாளிகள் கூடினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜாவேத் அபிதி. கிடப்பில் கிடந்த மசோதாவை அந்தக் கூட்டத் தொடரிலேயே நிறைவேற்ற வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பல கட்சித் தலைவர்களையும் பார்த்துப் பேசினார்கள். டிசம்பர் 22 அன்று மசோதா நிறைவேறியது. அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு அந்தச் சட்டத்தில் வந்தது.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத் திறனாளிகளைப் பற்றிக் கேள்வியே இல்லை. போராடிக் கேட்ட பிறகு 2001 கணக்கெடுப்பில் கேள்வி சேர்ந்தது. 2011 கணக்குப்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் பேர். கர்நாடகத்தில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் வராதவருக்குப் பட்ஜெட்டில் ஏது பணம்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1973-இல் வந்த சட்டத்துக்கு நான்கு ஆண்டுகளாக விதிமுறை எழுதாமல் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத் திறனாளிகள் மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்து கொண்டார்கள். மூன்று வாரம் கடந்தும் நகரவில்லை. ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்துப் போட்டார்.

நம் நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம். 7 வகையாக இருந்த குறைபாடுகள் 21 வகையாயின. வேலை ஒதுக்கீடு 4 சதவீதம் ஆயிற்று. பொதுக் கட்டடங்களை எல்லோரும் ஏறி இறங்கும்படி ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று 45-வது பிரிவு சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனிலேயே முடிந்து விட்டது. ஆகவே சாய்தளம் கேட்பவர் சலுகை கேட்கவில்லை, பாக்கியைக் கேட்கிறார்!

முதல் வேலை: ஓட்டை மாற்றுங்கள்

"ஊரில் ஓட்டு இருந்தால்தான் ஊரோடு உறவு இருக்கும்" என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். உறவு இருக்கட்டும். ஆனால் தெருவிளக்கும், பஸ்ஸும், நடைபாதையும், உதவித்தொகையும் குடியிருக்கும் இடத்தில்தானே வேண்டும்?

இன்னொரு செய்தியும் உண்டு. 2025-இல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றில் பெரும்பகுதி, இடம் மாறிப் போனவர்களின் பெயர்கள். ஊரில் ஓட்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு.

புதிதாகப் பெயர் சேர்க்க 6-ஆம் எண் படிவம். ஊரிலிருந்து இங்கே மாற்ற 8-ஆம் எண் படிவம். இதே 8-ஆம் படிவத்தில் 'மாற்றுத் திறனாளி' என்று குறித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. பலர் இதை விட்டு விடுகிறார்கள். குறித்தால்தான் அந்தச் சாவடியில் எத்தனை மாற்றுத் திறனாளிகள் என்ற கணக்கு தேர்தல் அதிகாரிகளிடம் இருக்கும். சாய்தளமும் சக்கர நாற்காலியும் அந்தக் கணக்கை வைத்துத்தான் வரும்.

2023 மே மாதம் நடந்த கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட இம்மாநிலத்தில் முதன்முதலாக வசதி செய்து கொடுக்கப்பட்டது. அதற்கு 12-டி படிவம் கொடுக்க வேண்டும்.

சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியது என்று தயங்க வேண்டாம். முறைப்படி வழங்கப்பட்ட ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016 சட்டத்தின் 58-வது பிரிவு சொல்கிறது. மாநில உதவித்தொகைக்குத்தான் இங்கே குடியிருப்பதற்கான ஆதாரம் தேவைப்படும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

பாதி மனுக்கள் வீணாவதற்குக் காரணம், கதவு மாறிப் போவதுதான்.

நடைபாதை, சாக்கடை மூடி, தெருவிளக்கு, பூங்கா வாசல் — இவை மாநகராட்சியின் வேலை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுக்கும் மேலாக பெங்களூரில் கவுன்சிலரே இல்லாத நிலை இருந்தது. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. வார்டு எல்லைகளும் மாறி விட்டன. மனு எழுதும் முன் உங்கள் வீடு எந்த மாநகராட்சி, எந்த வார்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கர்நாடகத்தில் உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் நிதியில் 5 சதவீதத்தை மாற்றுத் திறனாளிகளுக்காக ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. 'எங்கள் பகுதியில் அந்த 5 சதவீதம் எதற்குச் செலவானது?' என்று கேட்டால், சாய்தளம் கேட்பதைவிட அதிகப் பலன் உண்டு.

மாநகரப் பேருந்து, உதவித்தொகை, அரசுப் பள்ளி, அரசு ஆஸ்பத்திரி — இவை மாநில அரசின் பொறுப்பு. இதற்கு எம்.எல்.ஏ.விடம் போக வேண்டும். பெங்களூர் மாநகரில் 28 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. எம்.எல்.ஏ. தம் தொகுதி வளர்ச்சி நிதியிலிருந்து பணம் ஒதுக்கலாம். அதைவிட முக்கியம், சட்டமன்றத்தில் அவர் கேள்வி கேட்கலாம். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும்; அந்தப் பதில் பதிவாகும்.

ரயில் நிலையம், தபால் நிலையம், பி.எப்., ஈ.எஸ்.ஐ., மத்திய அரசின் ஓய்வூதியப் பங்கு — இவை எம்.பி.யின் கதவு. ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுத் திறனாளி போக லிப்ட் வேண்டும் என்று கவுன்சிலரிடம் மனு கொடுத்தால் அவர் என்ன செய்வார், பாவம்! கடுமையான குறைபாடு உள்ள ஏழைகளுக்கு மத்திய அரசு தரும் மாதப் பங்கு 2012-இல் 300 ரூபாய் ஆக்கப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் அதே 300-தான். இதை டில்லியில் பேச வேண்டியவர் எம்.பி.

இவர்கள் யாரிடமும் காரியம் நடக்காவிட்டால், மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணைக்கு ஆட்களை வரவழைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. சிறு வயதிலேயே போலியோவால் கைகளையும் கால்களையும் இழந்த கே.எஸ்.ராஜண்ணா 2013-இல் இந்தப் பதவியில் நியமிக்கப்பட்டவர். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு விஷயம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குடும்பக் கஷ்டம் முழுவதையும் எழுதினால் படிப்பவர் கேட்டது என்ன என்பதை மறந்து விடுவார்.

கன்னடத்தில் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த நண்பரைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். மாற்றுத் திறனாளியைக் கன்னட அரசுத் தாள்களில் 'விகலசேதன' என்று குறிப்பிடுகிறார்கள். அந்தச் சொல் மனுவின் தலைப்பிலேயே இருக்கட்டும்.

'நடவடிக்கை எடுக்கவும்' என்று முடித்தால் போதாது. எந்தத் தெரு, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, என்ன வேண்டும், எந்தச் சட்டப் பிரிவு என்று எழுத வேண்டும். சாய்தளத்துக்கு அளவு உண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அளவை எழுதாவிட்டால் சறுக்கு மரம் போல ஒன்றைக் கட்டி விட்டுப் போய் விடுவார்கள். பிறகு அதை இடிக்க இன்னொரு மனு!

இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். குமாஸ்தா வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்திரை இல்லாத தாள், பெட்டியில் போட்ட பழைய லாட்டரிச் சீட்டு!

பதினைந்து நாள் கழித்து அந்தப் பிரதியோடு மறுபடி போங்கள். கோபம் வேண்டாம். 'என் மனு எந்த மேஜையில் இருக்கிறது?' என்று கேட்டால் போதும். பதில் இல்லாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தனி மரம் தோப்பாகாது

ஒருவராகப் போனால் இரக்கம் கிடைக்கும். இருபது பேராகப் போனால் பதில் கிடைக்கும்.

ஒரு தொகுதியில் உள்ள மாற்றுத் திறனாளிகள் மட்டுமல்ல, அவர்களுடைய தாய் தந்தை, அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டார் எல்லோரும் வாக்காளர்கள்தான். மனுவில் கையெழுத்தோடு வாக்காளர் அட்டை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். தமிழர், கன்னடர், தெலுங்கர், உருதுக்காரர் என்று பிரிக்க வேண்டாம். மேடு ஏற முடியாத காலுக்கு மொழி கிடையாது.

வழிகாட்ட அமைப்புகளும் இருக்கின்றன. போலியோவால் பாதிக்கப்பட்ட என்.எஸ்.ஹேமா 1959-இல் நண்பர்களோடு தொடங்கிய ஏ.பி.டி. நிறுவனம் லிங்கராஜபுரத்தில் இருக்கிறது.

சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கும். மூன்று சக்கர வண்டி கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளும் விழாவில் வண்டியை வாங்கிக்கொண்டவர், பிறகு அதே தலைவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று கூசுகிறார். கூச வேண்டியதில்லை. அந்த வண்டி யாருடைய சொந்தப் பணமும் அல்ல. வண்டியை வாங்கிக்கொண்டு வணக்கம் சொல்லுங்கள். அந்த வண்டி போக வழி எங்கே என்றும் அங்கேயே கேளுங்கள்.

தமிழ்நாடு காட்டிய வழி

கேட்டுக் கேட்டுப் பெறுவது ஒரு கட்டம். கேட்கும் இடத்திலேயே போய் உட்காருவது அடுத்த கட்டம்.

2025 ஏப்ரல் 16 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இரண்டு மசோதாக்களைக் கொண்டு வந்தார். ஊராட்சி முதல் மாநகராட்சி வரை ஒவ்வொரு மன்றத்திலும் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அப்போது நகர்ப்புற மன்றங்களில் இருந்த மாற்றுத் திறனாளிகள் 35 பேர் மட்டுமே. புதிய ஏற்பாட்டில் நகர்ப்புறங்களில் சுமார் 650 பேரும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேரும் இடம் பெற வழி பிறந்தது. மாற்றுத் திறனாளிகள் சங்கங்கள் விடாமல் எழுப்பி வந்த கோரிக்கை இது.

பெங்களூரின் ஐந்து மாநகராட்சிகளிலும் சேர்ந்து 369 வார்டுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மன்றங்களில் ஊன்றுகோலோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், நடைபாதை உயரத்தைப் பற்றி மனு எழுதித்தான் புரிய வைக்க வேண்டுமா? இந்தக் கோரிக்கையை இங்குள்ள எம்.எல்.ஏ.க்களிடம் எழுப்ப நம்மவர்களுக்கு என்ன தடை?

ஒகலிபுரத்துக்காரரிடம் திரும்புவோம். அவர் மறுபடி மனு எழுதட்டும். கன்னடத்தில், ஒரே பக்கத்தில், அளவோடு, இருபது கையெழுத்தோடு எழுதட்டும். அதற்கு முன் 8-ஆம் எண் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து கொடுக்கட்டும்.

அடுத்த முறை அதே உதவியாளர் அதே கேள்வியைக் கேட்பார்.

"உங்க ஓட்டு எங்கே இருக்கு அண்ணா?"

"இங்கேதான் சார். என்னோடது மட்டும் இல்லை, வீட்டிலே நாலு ஓட்டு."

அப்போது அந்த மனு எந்தக் கட்டில் போய்ச் சேருகிறது என்று பார்க்கலாம்.