பழைய வண்டியில் சார்ஜ் கோளாறா? ஆம்ப் மீட்டரைப் பாருங்கள்!

சரக்கு எடுக்கப் பழைய ஜீப்பும் வேனும் வைத்திருக்கும் வணிகர்கள் நம்மிடையே உண்டு. விடியற்காலையில் காய்கறி ஏற்றிப் பெரிய மார்க்கெட்டுக்கு வரும் வண்டி, திண்டிவனம் சாலையில் விளக்கு மங்கி நின்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. உடனே ஆல்டர்னேட்டரை மாற்றிவிடுகிறோம். ஆனால், பல சமயம் குறை ஒயரில்தான் இருக்கும்.

செல்ஃப் மோட்டார் இழுப்பது தவிர, பேட்டரிக்குள் போகும், வெளிவரும் மின்சாரம் ஆம்ப் மீட்டர் வழியே செல்கிறது. முள் பிளஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரி சார்ஜ் ஏறுகிறது. மைனஸ் பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. ஸ்டார்ட் செய்ததும் பிளஸ் பக்கம் ஏறி, சிறிது நேரத்தில் பூஜ்யத்தை ஒட்டி நிற்பதே சரியான நிலை.

1. வண்டி ஓடும்போதும் முள் மைனஸிலேயே நின்றால், முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். அடுத்து, சாவியைத் திருப்பியதும் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். அந்த பல்பு ஃபியூஸானாலே பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் கொடுக்காது.

2. முள் எப்போதும் பிளஸில் உயர்ந்தே நின்றால் பேட்டரியோ ரெகுலேட்டரோ பழுது. பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

3. ஹாரன், கூடுதல் விளக்கு போன்றவற்றை நேரே பேட்டரி முனையில் இணைத்திருந்தால், அவை இழுக்கும் மின்சாரத்தையும் மீட்டர் சார்ஜ் என்றே காட்டும். ஆல்டர்னேட்டர் ஒயர் வந்து சேரும் பக்கத்தில் அவற்றை இணைக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எஞ்சின் நிற்கையில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட், ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை காட்டும். ஓடும்போது விளக்குகளைப் போட்டு, ஆல்டர்னேட்டரின் பெரிய முனைக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் நடுவில் உள்ள ஒயரோ இணைப்போ கெட்டிருக்கிறது. எர்த் பட்டையையும் கவனிக்கவும். நம் கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் செம்பு முனைகள் சீக்கிரம் களிம்பேறும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. அம்பாசிடரின் ஆரம்ப மாடல்கள் உட்படப் பல பழைய வண்டிகள் டைனமோவுடன் வந்தவை. டைனமோ கொடுத்தது சுமார் 20 ஆம்பியர். பின்னாளில் மாட்டிய ஆல்டர்னேட்டரோ 35 ஆம்பியருக்கும் மேல் கொடுக்கும். 30 ஆம்பியர் வரை காட்டும் மீட்டரும் பழைய மெல்லிய ஒயரும் அதைத் தாங்காமல் சூடாகும். பல வண்டிகளில் இந்த ஒயருக்கு ஃபியூஸும் கிடையாது. டாஷ்போர்டின் பின்னால் நட்டு தளர்ந்தால் தீப்பொறிதான்; அட்டைப்பெட்டிச் சரக்கோடு வண்டியும் எரியலாம்.

எனவே, டைனமோவை மாற்றும்போதே தடித்த ஒயர், தகுந்த ஃபியூஸ், பெரிய மீட்டர் போடச் சொல்லுங்கள். அல்லது ஆம்ப் மீட்டரை நீக்கி, அதன் இரு ஒயர்களையும் உறுதியாக இணைத்து, வோல்ட் மீட்டர் வைக்கலாம். எந்த வேலைக்கும் முன் எஞ்சினை நிறுத்திப் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். டைனமோ காலத்துப் பழக்கத்தில் எஞ்சின் ஓடும்போதே பேட்டரியைக் கழற்றிச் சோதிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கருகிவிடும்.