டம்ளரா, வடிகட்டியா?

எதிர்வீட்டு அக்கா நேற்று மாலை ஓர் ஆர்க்கிட் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்தநாளுக்கு மகன் வாங்கித் தந்ததாம். வெள்ளைப் பீங்கான் தொட்டி, சுற்றிலும் ஜிகினாத் தாள், ஊதாப் பூக்களோடு பலனாப்சிஸ். “பெரிய தொட்டியா வாங்கி, செம்மண்ணும் எருவும் போட்டு மாத்தி வெச்சிடட்டுமா தம்பி?” என்றார். நான் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த வடிகட்டியைத் தூக்கிக் காட்டி, “இதுதான்க்கா இதுக்கு ஏத்த தொட்டி” என்றேன்.

கிண்டலில்லை. டம்ளர் தண்ணீரைப் பிடித்து வைக்கும், வடிகட்டி விட்டுவிடும். துளசிக்கும் ரோஜாவுக்கும் நாம் வாங்கும் தொட்டிகள் ஓரளவுக்கு டம்ளர் ஜாதி. பலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா என்று வீடுகளில் வளரும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்த பரம்பரை. புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் கேட்கும். மழை வந்தால் வேர் நனையும், அடுத்த காற்றில் காயும். அந்த வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஓர் உறை உண்டு, வெலமன் என்பார்கள். காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. சட்டென்று குடித்துவிட்டு மூச்சுவிடக் காத்திருக்கும் வேர் அது. மண்ணுக்குள் புதைத்து நாள்கணக்கில் ஈரமாகவே வைத்தால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

இது எனக்கு முதல் செடியைக் கொன்ற பிறகுதான் தெரிந்தது. அழகான பளபளப்புப் பூச்சுத் தொட்டி, அடியில் ஒரே ஓட்டை, தோட்டத்து மண். ஐப்பசி மழை தாண்டவில்லை.

எனக்குப் பிடித்தது சுட்ட மண்தொட்டிதான். கோடையில் தண்ணீர்ப் பானை வியர்க்குமே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும். உள்ளே சீக்கிரம் காயும், வேரும் குளிர்ந்திருக்கும். பக்கவாட்டிலும் ஓட்டை வைத்தே ஆர்க்கிட் தொட்டிகள் வருகின்றன. கிடைக்காவிட்டால் குயவரிடம் சொல்லிவிடுங்கள். ஈர மண்ணில் நாலைந்து துளை போடுவது அவருக்கு ஒரு நிமிட வேலை. குறையும் உண்டு. வேர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மாற்றும்போது பிய்யும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் வெளியே வெள்ளையாக உப்புப் பூக்கும், அந்த உப்பு வேர் நுனியைக் கருக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது உத்தமம்.

பிளாஸ்டிக் மட்டமில்லை. ஈரத்தை அதிக நேரம் வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே செடியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையைப் பாருங்கள். தினமும் சொம்பைத் தூக்கிக்கொண்டு போகிறவரா? மண்தொட்டி. வாரம் ஒருமுறைதான் ஞாபகம் வருமா? பிளாஸ்டிக். பலனாப்சிஸுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி மெத்தச் சரி. அதன் வேரிலும் பச்சையம் உண்டு, தவிர வேர் வெள்ளியா பச்சையா என்று வெளியிலிருந்தே பார்த்துத் தண்ணீர் ஊற்றலாம். அக்கா வீட்டுப் பீங்கானுக்குள்ளேயும் அப்படி ஒன்றுதான் இருந்தது.

அளவில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். வளரட்டும் என்று குழந்தைக்கு லூசாகச் சட்டை எடுக்கும் வழக்கம் இங்கே ஆகாது. பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயவே காயாது. வேர்க்கொத்தைச் சுற்றி ஒரு விரல் இடம் போதும். ஒன்றரை அடி டென்ட்ரோபியம்கூட 4 அங்குலத் தொட்டியில் சுகமாக இருக்கும். தலைகனத்துக் கவிழ்ந்தால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

உள்ளே மண் வேண்டாம். அடுப்புக்கரி, செங்கல் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, எல்லாம் நெல்லிக்காய் அளவில். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினால் சாயமும் உப்பும் இறங்கும். கோகோபீட் தூள் மண்ணைவிட மோசம், பிழிந்த துணி போலக் கிடக்கும். மட்டை இற்றுப் பொடியாகத் தொடங்கும்போது, சுமார் இரண்டு வருடத்தில், எல்லாவற்றையும் மாற்றவேண்டும். டென்ட்ரோபியம் பக்கவாட்டில் நகர்ந்து வளர்வது. பழைய தண்டைத் தொட்டியின் ஓரத்தோடு ஒட்டி, புதுக்குருத்து நடுவைப் பார்க்கும்படி வையுங்கள். பலனாப்சிஸ் ஒற்றையாய் மேலே போவது, அதை நடுவில் வைக்கலாம்.

வாண்டாவுக்குத் தொட்டியே ஆடம்பரம். மரச்சட்டக் கூடையில் நாலு கரித்துண்டு போட்டுத் தொங்கவிட்டால் வேரை ஒரு முழத்துக்குக் கீழே விட்டுக்கொண்டு ஆடும். தரையில் வளரும் ஸ்பத்தோகிளாட்டிஸ் மட்டும் விதிவிலக்கு; பொலபொலவென்ற மண்கலவையும் சாதாரணத் தொட்டியும் அதற்குப் போதும். ஏற்காடு போனால் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் பூங்காவை எட்டிப் பாருங்கள். பூவை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் குனிந்து தொட்டிகளைப் பாருங்கள்.

அக்காவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பூ இருக்கும்போது தொட்டி மாற்றாதீர்கள். இப்போதைக்கு ஜிகினாத் தாளைக் கிழித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது உள்தொட்டியை மட்டும் வெளியே எடுத்து ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு பீங்கானுக்குள் வையுங்கள்.