தன்னம்பிக்கை, வன்மம், மதிப்பெண்: வகுப்பறையில் சாதி செய்யும் வேலை

தலித் மாணவன் தேர்வில் பின்தங்கினால், ‘தன்னம்பிக்கை இல்லாதவன்’ என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால், ‘முரடன்’ என்கிறார்கள். இரண்டும் அவனது தனிப்பட்ட குறைகளாகவே பேசப்படுகின்றன. ஆனால், இவ்விரண்டும் உருவாகும் இடத்தில் சாதி என்ன செய்கிறது என்பதை எவரும் விசாரிப்பதில்லை.

‘இதை என்னால் செய்ய முடியும்’ என்னும் தன்திறன் நம்பிக்கையை உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977ஆம் ஆண்டு விளக்கினார். அந்நம்பிக்கை உள்ளவர் கடினமான கணக்கையும் விடாது முயல்கிறார். இல்லாதவர் தொடக்கத்திலேயே கைவிடுகிறார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றோர் வெல்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கம், அச்சமற்ற மனநிலை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கிறது. பின்வரிசையில் அமர்த்தப்பட்டு, கழிவறை கழுவ ஏவப்பட்டு, சாதியைச் சொல்லி அழைக்கப்படும் பிள்ளைக்கு இந்நான்கு வழிகளும் அடைபடுகின்றன.

இதற்குச் சான்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்தின் கிராமங்களில் ஆதிக்கச் சாதிச் சிறுவர்கள் 321 பேரையும், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேரையும் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2004இல் அதன் முடிவை வெளியிட்டனர். சிறுவர்களுக்குத் தரப்பட்ட வேலை, காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிப்பது. சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்பினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஊர், தந்தை, பாட்டன் பெயர்களோடு சாதியையும் எல்லோர் முன்னும் வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அறிவு சில நிமிடங்களில் குறைந்துவிடுமா? குறைந்தது நம்பிக்கை.

இனி வன்மத்திற்கு வருவோம். தாழ்வு மனப்பான்மையே வன்முறைக்குக் காரணம் என்பது பரவலான கருத்து. ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் இதை மறுத்தனர். ‘நான் உயர்ந்தவன்’ என்ற ஊதிப் பெருத்த எண்ணம் கேள்விக்கு உள்ளாகும்போதே வன்முறை பெரிதும் வெடிக்கிறது என்றனர். சாதிப் பெருமைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. ‘என்னால் முடியும்’ என்பது உழைப்பால் வருவது. ‘நான் உனக்கு மேலானவன்’ என்பது பிறப்பால் கோரப்படுவது. இரண்டையும் ‘தன்னம்பிக்கை’ என்று ஒரே சொல்லால் அழைப்பது பிழை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது இதுவே. தனக்கு நேர்ந்த துன்புறுத்தலைப் பள்ளியில் முறையிட்ட பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரும், அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அம்மாணவர் மறு ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். நாடு அதைக் கொண்டாடியது. ஆயினும், உயிர் பிழைத்தவரின் மன உறுதியை வியப்பது, தாக்கியவர்களை வளர்த்த சூழலைத் திருத்துவதற்கு ஈடாகாது.

அச்சூழலைத் திருத்தவே நீதிபதி கே. சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அளித்த அறிக்கை, சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. சட்டங்களும் நம்மிடம் உள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனத் துன்புறுத்தலைத் தடை செய்கிறது. பொதுப் பார்வையில் சாதிப்பெயர் சொல்லி வசைபாடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

தாக்கியவனும் சிறுவனே, சிறார் நீதிச் சட்டம் அவனுக்குத் தருவது சீர்திருந்தும் வாய்ப்பு. ஆனால், சாதியைப் பேசாமல் ‘இரு தரப்பையும் கண்டித்துவிட்டோம்’ என்று கோப்பை மூடுவது சீர்திருத்தம் அன்று. அது அவமதித்தவனின் வன்மத்தையும் அவமதிக்கப்பட்டவனின் கோபத்தையும் ஒரே தராசில் வைக்கிறது. தண்டிக்கப்பட்ட அக்கோபம் வருகைப் பதிவேட்டில் விடுப்பாகவும், பின்னர் மதிப்பெண் பட்டியலில் தோல்வியாகவும், இறுதியில் மாற்றுச் சான்றிதழாகவும் முடிகிறது.

எனவே, பள்ளிகளில் களப்பணி செய்யும் தோழர்கள் ‘தன்னம்பிக்கை முகாம்’ நடத்துவதோடு நின்றுவிடக் கூடாது. முறையீடு எழுத்தில் பெறப்பட்டதா, முறையிட்ட மாணவருக்குப் பாதுகாப்புத் தரப்பட்டதா என்று கேளுங்கள். முறையிட்டால் நீதி கிடைக்கும் என்று காணும் பிள்ளைக்கு நம்பிக்கையைத் தனியே போதிக்க வேண்டியதில்லை.